வாசித்து முடியாத பெட்டி

தொண்ணூற்றாறாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் கண் தெரியாத ஒரு மனிதரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. அதற்கு முதல் மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் ஒரு தையல் ஆலையில் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அதை மூடிவிட்டார்கள். எங்கள் மாடிவீட்டின் மற்ற அறையில் குடியிருந்த யாழ்ப்பாணத்து அக்காதான் இந்த வேலையைப் பிடித்துத் தந்தார். அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தார். அங்கே வேலை செய்த ஒரு கறுப்பினத்து நேர்ஸ், தன் தகப்பனுக்குப் பகல் துணைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"உமக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியுந்தானே?" என்று அக்கா கேட்டார்.

"ஓம். கொன்வென்டில சிஸ்டர்மாரிட்டப் படிச்சது."

"அப்ப போம். அந்த மனிசனுக்கு வாசிக்கிற ஆள்தானாம் முக்கியம். சமையல் எல்லாம் பேந்துதானாம்."

வீடு மொன்றியலின் மேற்கே இல்-பிசார் என்ற தீவில். மெட்ரோவில் போய், இரண்டு பஸ் மாறி, பாலத்தைக் கடந்து இறங்கினால் பிறகும் நடக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் புல்வெளி. தெருவில் ஒரு மனிதரையும் காண முடியாது. நான் பார்க்கப் போன மனிதருக்கு அந்த இடம் துளியும் பிடிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க ரயிலில் படுக்கைப் பெட்டிகளில் பணியாளாக வேலை செய்தவர். தண்டவாளத்துக்குப் பக்கத்தில், நகரத்துக்குள்ளேயே குடியிருந்தவர். சீனி வருத்தம் கண்ணையும் ஒரு காலின் விரல்களையும் எடுத்த பிறகு மகள் அவரைத் தன் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்.

"இந்த அமைதியைச் செத்த பிறகு பழகிக்கொள்ளலாம் என்று இருந்தேன்," என்று முதல் நாளே சொன்னார். "என் மகள் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டாள்."

நான் அவரை 'சேர்' என்று கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்றார். தான் ஆயுள் முழுக்க மற்றவர்களை அப்படிக் கூப்பிட்டுக் களைத்துப் போனவர் என்றார். ஆனால் எனக்கு வேறு விதமாகக் கூப்பிட வரவில்லை. அவருக்கு என் பெயர் வரவில்லை. அதன் முதல் எழுத்தை மட்டும் சொல்லிக் கூப்பிடுவார்.

முதலில் பேப்பர்தான் வாசித்தேன். ஐஸ் ஹொக்கி விளையாட்டுக்காரரின் பிரெஞ்சுப் பெயர்களை நான் சொல்லும் விதத்தைக் கேட்டு அவருக்குக் கோபம் வரும். பனி விழத் தொடங்கிய பிறகு ஒருநாள், கீழ்த்தளத்தில் இருக்கும் தகரப் பெட்டியைத் தூக்கி வரச் சொன்னார். தூக்க முடியவில்லை. படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இழுத்து வந்தேன்.

அந்தப் பெட்டி அவருடைய பூட்டனுடையது. பூட்டன் அமெரிக்காவில், கென்டக்கியில், அடிமையாகப் பிறந்தவர். இளம் வயதில் ஓடித் தப்பி ஆறு கடந்து கனடாவுக்கு வந்தார். வந்தவர் பேசாமல் இருக்கவில்லை. பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று தெரிந்தும் திரும்பவும் எல்லையைக் கடந்து, வடக்கு மாநிலங்களின் தேவாலயங்களில் அடிமை முறைக்கு எதிராகப் பேசினார். எழுதப் படிக்க வளர்ந்த பிறகுதான் பழகியிருக்கிறார். பேச்சுகளைத் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். அவருடைய பேரன், அதாவது இவருடைய தகப்பன், ரயில் வேலைக்காக மொன்றியலுக்கு வந்தபோது பெட்டியும் கூட வந்துவிட்டது.

"வேலையை விட்ட பிறகு ஆறுதலாக வாசிக்கலாம் என்று வைத்திருந்தேன்," என்றார். "வேலையும் விட்டது, கண்ணும் விட்டது."

பெட்டிக்குள் ஒரு மூக்குக் கண்ணாடி இருந்தது. அதன் ஒரு காது உடைந்து நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. கொம்பால் செய்த ஒரு சீப்பு. நீலத் துணியில் ஒரு கிழிசல், கைக்குட்டையின் பாதியளவு. மற்றதெல்லாம் கடதாசி. அவற்றை நான் எடுத்துக் கொடுக்கும்போது, வாசிக்க முதல் அவர் விரலால் தடவிப் பார்ப்பார். மடித்த கோடு, கிழிந்த ஓரம், மை ஊறித் தடித்த இடம் எல்லாவற்றையும் தடவிவிட்டுத்தான் திருப்பித் தருவார்.

முதலில் கையில் வந்தது ஒரு அச்சிட்ட துண்டு. ஓடிப்போன அடிமையைப் பிடித்துத் தரச் சொல்லி எசமான் பத்திரிகையில் போட்ட விளம்பரம். வாசித்தேன். வயது இருபத்தைந்து இருக்கும். நிறம் நல்ல கறுப்பு. இடது புருவத்துக்கு மேல் தழும்பு. கேள்வி கேட்டால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வான். சிரித்தால் முன்பல் ஒன்று இல்லாதது தெரியும்.

"இதைத்தான் பூட்டன் கூட்டங்களில் முதலில் வாசிப்பாராம்," என்றார் அவர். "வாசித்து முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி எல்லோரையும் ஒருமுறை பார்ப்பாராம். பிறகுதான் பேச்சு."

அவர் அதைப் பெருமையோடு சொன்னார். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று குசினிக்குப் போய்விட்டேன்.

இந்த மாதிரி ஒரு துண்டை நானும் எழுதியிருக்கிறேன். தொண்ணூறாம் ஆண்டு மட்டக்களப்பில் இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் என் கணவரைக் கொண்டு போனார்கள். வீதியில் எல்லா ஆண்களையும் முழங்காலில் இருத்தினார்கள். சாக்கால் முகம் மூடிய காட்டிக்கொடுப்பவன் ஒருவன் என் கணவருக்கு நேரே வந்து தலையை ஆட்டினான். அவ்வளவுதான். அன்றைக்கு என் மகள் கைப்பிள்ளை. மறுநாளிலிருந்து முகாம் முகாமாகப் போனோம். அப்படி ஒருவரைத் தாங்கள் கொண்டு வரவில்லை என்றார்கள். வெளிநாட்டு உதவி அமைப்பு ஒன்றின் வாசலில், மரத்தடியில் குந்தியிருந்து நான் எழுதிக் கொடுத்தேன். உயரம். நிறம். இடது முழங்கையில் தீக்காயத் தழும்பு. கொண்டு போகும்போது போட்டிருந்தது நீலக் கோடு போட்ட சாரம். இன்னும் என்ன எழுதலாம் என்று யோசித்து, சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்று எழுதப் போய், அதை வெட்டிவிட்டேன். முகாமில் யார் சிரிக்கப் போகிறார்கள்?

குசினியிலிருந்து திரும்பி வந்தபோது அவர் முகத்தை என் பக்கம் திருப்பியபடி இருந்தார்.

"அழுதாயா?"

"இல்லை சேர்."

"எனக்குக் கண்தான் இல்லை."

அதனால் சொன்னேன். அவர் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி, நாடாவால் கட்டிய ஒரு கட்டை எடுத்து நீட்டினார். "அப்படியென்றால் இதை வாசி."

எல்லாம் பத்திரிகைத் துண்டுகள். பூட்டன் ஓடி வந்தபோது மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவர் ஓடிய பிறகு எசமான் அவர்களைத் தெற்கே விற்றுவிட்டான். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலையானதும் அவர் அவர்களைத் தேடி விளம்பரம் போடத் தொடங்கினார். ஒரே விளம்பரம்தான், வேறு வேறு ஊர்ப் பத்திரிகைகளில். மனைவியின் பெயர், பிள்ளைகளின் பெயர், கடைசியாக யாரிடம் இருந்தார்கள் என்பது. மனைவியின் வலது கையில் சுட்ட தழும்பு உண்டு. நீல உடுப்பு உடுத்தியிருந்தாள். பிள்ளைகளின் வயதை மட்டும் ஒவ்வொன்றிலும் கூட்டிப் போட்டிருந்தார்.

"கண்டுபிடித்தாரா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"எப்போது நிறுத்தினார்?"

"நிறுத்தவில்லை. கடைசித் துண்டு அவர் சாவதற்கு முதல் ஆண்டு போட்டது. பல்லெல்லாம் விழுந்த கிழவர். அவள் இருந்திருந்தால் அவளுக்கும் விழுந்திருக்கும். விளம்பரத்தில் நீல உடுப்போடுதான் நிற்கிறாள்."

கட்டின் ஒரு பக்கம் கருகியிருந்தது. தொட்டால் கையில் கரி ஒட்டியது. அது எப்படி என்று கேட்டேன். கனடாவில் பூட்டன் இரண்டாவதாக ஒரு பெண்ணைக் கட்டினார். அந்தப் பெண்தான் இவருடைய பூட்டி. அவள் பிள்ளைகளைப் பெற்று, கோழி வளர்த்து, அவர் பேசப் போன நாட்களில் எல்லாம் வீட்டைத் தனியே பார்த்துக்கொண்டு, மேசையில் இந்த விளம்பரங்களையும் பார்த்துக்கொண்டு இருந்தாள். ஒருநாள் கட்டோடு தூக்கி அடுப்பில் போட்டுவிட்டாள். போட்டவளே கையை உள்ளே விட்டு வெளியே எடுத்தாள். அதற்குப் பிறகு அந்தக் கையை அவளால் முழுக்க விரிக்க முடியவில்லை என்று குடும்பத்தில் சொல்வார்களாம்.

"ஏன் திரும்ப எடுத்தாள்?" என்று கேட்டேன்.

"அதை யார் எழுதி வைத்தார்கள்? அவளுக்கு எழுதத் தெரியாது."

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு அவர் மீது கோபமாக இருந்தது. இந்த மனிதர் ஏன் எனக்கு இதைக் காட்டினார்? வீட்டில் அக்காவிடம் சொன்னேன், இனிப் போகமாட்டேன் என்று.

"நூறு வருசத்துக்கு முந்தின கதைக்கு நீர் ஏன் சாப்பிடாமல் கிடக்கிறீர்?" என்றார் அக்கா. "அது அவையின்ரை பாடு. எங்கடை பாடு எங்களுக்கு."

என் மகள் தொலைக்காட்சியில் பிரெஞ்சுக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். தகப்பனைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பாள், வகுப்பில் பாடம் கேட்பது போல. முடிந்ததும் எழுந்து போய்விடுவாள்.

இரண்டு நாள் போகாமல் இருந்துவிட்டுப் பிறகு போனேன். அவர் பேச்சுகளின் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அடுத்த ஒரு வருடம் அப்படியே போயிற்று. பூட்டனின் கையெழுத்து நெருக்கமானது. மலிவான கடதாசியில் இரண்டு பக்கமும் எழுதி, ஓரத்திலும் சுற்றி எழுதியிருப்பார். ஒரு பக்கம் வாசிக்கவே எனக்கு நெடுநேரம் எடுக்கும். சின்னப் பிள்ளையாக எசமானின் மேசைக்குப் பின்னால் நின்று இலை விசிறியால் ஈ ஓட்டியதைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. பசியோடு நின்று சாப்பாட்டுக்கு ஈ ஓட்டுவது. அதைக் கேட்டபோது அவர் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகும் திரும்ப. தான் ரயிலில் சாப்பாட்டுப் பெட்டிக்கு வெளியே நின்ற கதையை அன்றைக்குச் சொன்னார். இனிமேல் சந்தோசமான பேச்சு ஒன்று எடு என்றார். தேடினேன், அப்படி ஒன்று இல்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு கோடையில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். நேர்ஸ்தான் அழைத்திருந்தார். அந்தப் பெண் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். முகத்தில் அவ்வளவு ஆசை. இவை எல்லாம் வீட்டில் இருக்கக் கூடாது, குளிரும் ஈரமும் அளவாக உள்ள அறையில் இருக்க வேண்டும் என்றார். குறைந்தது கீழ்த்தளத்திலாவது வைக்க வேண்டாம் என்றார்.

"வாசித்து முடியட்டும். பிறகு கொண்டு போங்கள்," என்றார் அவர்.

"அப்பா, அங்கே இருந்தாலும் போய்க் கேட்கலாந்தானே," என்றார் மகள்.

"அங்கே நானும் கையுறை போட வேண்டுமா?"

அந்தப் பெண் தயங்கி, ஆம் என்றார்.

"என் கண் விரலில்தான் இருக்கிறது, அம்மா. கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொல்கிறீர்கள்."

அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை. பெட்டி இருப்பறையில், அவருடைய கதிரைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நத்தாருக்கு நேர்ஸின் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். கிறிஸ்மஸ் மரம் வைக்க இடம் வேண்டியிருந்தது. பெட்டியைக் கீழே இறக்கினார்கள். புது வருடம் பிறந்து மரத்தை எடுத்ததும் திரும்பவும் மேலே கொண்டு வருவதாக இருந்தது.

மரத்தை எடுக்க முதலே மழை தொடங்கியது. அந்த ஜனவரியை மொன்றியலில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். விழுந்த மழை விழுந்த இடத்திலேயே உறைந்தது. நாள் கணக்காக விழுந்தது. மரக் கொப்புகள் பாரம் தாங்காமல் முறிந்து விழும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. "துவக்கு வெடி மாதிரிக் கிடக்கு," என்று சொல்லிவிட்டு, அதைச் சொன்னதற்காகவே அக்கா ஜன்னல் சீலையை இழுத்து மூடினார். மின்சாரம் போயிற்று. நாங்கள் எல்லோரும் ஒரே அறையில் போர்வைக்குள் இருந்தோம். பஸ் ஓடவில்லை. அவருடைய வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தால் அடித்துக்கொண்டே இருந்தது.

நேர்ஸ் ஆஸ்பத்திரியிலேயே மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தகப்பனைக் காரில் ஏற்றி, மக்களைத் தங்க வைத்திருந்த ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சேர்த்திருக்கிறார். வீடு பூட்டிக் கிடந்தது. சூடு இல்லாமல் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது. மின்சாரம் திரும்பி வந்தபோது வீட்டில் ஆள் இல்லை. வீடு சூடேறியது, குழாயில் ஐஸ் இளகியது, தண்ணீர் ஓடத் தொடங்கியது. ஆட்கள் வந்து சேரும் வரை ஓடிக்கொண்டே இருந்தது.

நான் போனபோது நேர்ஸ் கீழ்ப்படியில் ரப்பர் சப்பாத்தோடு நின்று அழுதுகொண்டிருந்தார். "அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம்," என்றார்.

அடுத்த நாள் அவர் கதிரையில் வந்து உட்கார்ந்ததும் கையைப் பக்கத்தில் நீட்டித் தேடினார்.

"பெட்டியைக் கொண்டு வா."

பேப்பர் வாசிக்கட்டுமா என்று கேட்டேன்.

"ஈரம் மணக்கிறது," என்றார். "வீட்டுக்குள் வந்ததுமே மணந்தது. கொண்டு வா."

கொண்டு வந்தேன். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. திறந்ததும் அவர் கையை உள்ளே விட்டார். கடதாசி எல்லாம் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கட்டியாக இருந்தது. மேலே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். அவருடைய விரல்கள் ஒரு ஓரத்தைத் தேடின. ஓரம் இல்லை. கையை வெளியே எடுத்துக் காற்சட்டையில் துடைத்தார். பிறகு வானொலியைப் போடச் சொன்னார்.

காப்பகப் பெண் வந்து கட்டியை எடுத்துக்கொண்டு போனார். பனி உருகிய பிறகு தொலைபேசியில் கூப்பிட்டார். தேடல் விளம்பரங்களில் சில துண்டுகளைப் பிரித்துவிட்டோம் என்றார். கையால் எழுதிய பேச்சுகளைக் காப்பாற்ற முடியவில்லை. மூக்குக் கண்ணாடியையும் சீப்பையும் வைத்துக்கொள்வோம், ஆனால் அவை யாருடையவை என்று சொல்லும் கடதாசிகள் போய்விட்டதால் 'குடும்பத்தார் சொல்வதன்படி' என்றுதான் போடலாம் என்றார். நல்ல பெண். அவருக்கும் குரல் உடைந்திருந்தது. கடைசியில் ஆறுதலாக ஒன்று சொன்னார்: ஓடிப்போனவரைப் பிடிக்கப் போட்ட அந்த விளம்பரம் பத்திரிகையில் வந்ததுதானே, அதற்கு அமெரிக்காவில் வேறு பிரதிகள் நிச்சயம் இருக்கும், அது அழியாது.

இதையெல்லாம் நான்தான் அவரிடம் சொன்னேன்.

"பிடிக்க வந்தவன் எழுதியது இருக்கிறது," என்றார் மெதுவாக. "ஓடினவர் எழுதியது இல்லை."

பிறகு என்னைக் கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் உட்காரச் சொன்னார். "ஒரு வருடம் வாசித்தாய். சொல்லு. ஈ ஓட்டின பேச்சு."

சொன்னேன். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தாராம், மேசைக்குப் பின்னால் நின்றாராம், பசித்ததாம்.

"கதை வேண்டாம். கதை எனக்குத் தெரியும். அவருடைய சொல் வேண்டும்."

கண்ணை மூடிக்கொண்டு முயன்றேன். அந்த நெருக்கமான கையெழுத்து தெரிந்தது. எந்த வரி எந்த ஓரத்தில் வளைந்தது என்பதுகூடத் தெரிந்தது. ஒரு வசனமும் முழுதாக வரவில்லை. வேறொரு பேச்சைக் கேட்டார். அதுவும் வரவில்லை.

"எது வருகிறதோ அதைச் சொல்லு," என்றார்.

வாயைத் திறந்தேன். வயது இருபத்தைந்து இருக்கும். நிறம் நல்ல கறுப்பு. இடது புருவத்துக்கு மேல் தழும்பு. ஒரு சொல் பிசகாமல் வந்தது. நிறுத்த நினைத்தும் வந்துகொண்டே இருந்தது. அவர் கையை உயர்த்தினார். அதற்குப் பிறகு பெட்டியைப் பற்றி என்னிடம் அவர் பேசவில்லை.

அந்தக் கோடையில் விரல்கள் போன காலை முழுதாகவே எடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட்டார்கள். என் வேலை முடிந்தது. இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இரண்டாம் தடவை அவர் கையைக் கொடுத்தார், நான் யார் என்று கேட்கவில்லை. குளிர் தொடங்க முதல் போய்விட்டார். செத்த வீட்டில் போதகர், இவர் ஒரு பெரிய மனிதரின் வழியில் வந்தவர் என்றார். அந்தப் பெரிய மனிதர் என்ன சொன்னார் என்று யாராலும் ஒரு வரி சொல்ல முடியவில்லை. நான் பின்வரிசை வாங்கில் இருந்தேன்.

அடுத்த வருடம் ஊரிலிருந்து என் கணவரின் தங்கை தொலைபேசி எடுத்தாள். காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்கிறார்களாம். மனைவி சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"மச்சாள், உங்களக் கட்டாயப்படுத்தயில்ல கா," என்றாள். "அம்மா ஏலாமக் கிடக்கா. சாகிறதுக்குள்ள மகனுக்கு ஒரு பூசை செய்யணும் எண்டு கேக்கிறா. செத்தவருக்குச் செய்யிற பூசை. உயிரோட இருக்கிறவருக்கு அது செய்யேலாதாம்."

தொலைபேசியில் காற்றுச் சத்தம் கேட்டது.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"நான் நினைக்கிறத விட்டுட்டன் மச்சாள்."

என் கணவரை எங்கேயோ, யாரோ, ஒரு புத்தகத்தில் பதிந்திருப்பார்கள் என்று அதுவரை நம்பியிருந்தேன். கொண்டு போனவர்களாவது எழுதி வைத்திருப்பார்கள் என்று. அந்த நம்பிக்கை எனக்கு எவ்வளவு அருவருப்பாக இருந்தது என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரு கிழமை யோசித்தேன் என்று சொல்ல முடியாது, யோசிக்கவே இல்லை. ஒரு சனிக்கிழமை பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு சட்டத்தரணியின் அறைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். மகள் என் கூட வந்து, கதிரையில் காலை ஆட்டிக்கொண்டு இருந்தாள். வரும் வழியில் டெபனர் என்ற மூலைக்கடையில் சொக்லட் வாங்கித் தரக் கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன்.

சான்றிதழ் மாரி காலத்துக்குள் வந்து சேர்ந்தது. மும்மொழியிலும் இருந்தது. பெயரைச் சரியாக எழுதியிருந்தார்கள். இறந்த திகதி என்ற இடத்தில் ஒரு திகதி போட்டிருந்தார்கள். அவரைக் கொண்டு போன நாள் அது இல்லை. வேறு ஏதோ ஒரு நாள். யார் அதைத் தெரிவு செய்தார்கள், ஏன் அந்த நாள் என்று கேட்க ஆள் இல்லை. மாமி அந்தத் திகதியில் பூசை செய்வித்துவிட்டு, அடுத்த மாதமே கண்ணை மூடினார்.

நான் அந்தத் திகதியில் கோயிலுக்குப் போவதில்லை. வேறு திகதியும் எனக்குத் தெரியாது.